மலையிறங்க ஒரு சிடி: மெய்டனின் 2006-ஆ, 2015-ஆ?

என் பிக்கப்பில் பென் டிரைவ் சொருகும் ஓட்டை போன மழைக்காலத்தோடு போய்விட்டது. புளூடூத் அதில் என்றைக்குமே கிடையாது. மிச்சம் இருப்பது சிடி ஓடும் பழைய பிளேயர் மட்டும். குன்னூரைத் தாண்டினால் போனில் சிக்னல் வரும், போகும். அதை நம்பிப் பாட்டுக் கேட்க முடியாது. சிடிக்களையும் மொத்தமாக வண்டியில் போட்டு வைக்க முடியாது. எங்கள் ஊர் ஈரத்துக்கு ஒரே சீசனில் அட்டையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். ஆக, ஒன்று வண்டிக்கு, மற்றதெல்லாம் பீரோவுக்கு. அந்த ஒன்று எது என்பதுதான் பஞ்சாயத்து.

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டன் 2000-இலிருந்து போட்டது ஆறு ஆல்பம். பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் குழுவுக்குத் திரும்பி வந்து, மூன்று கிட்டாரோடு போட்ட ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ நல்ல ஆல்பம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை இல்லாததால் அது இங்கே வேண்டாம். ‘டான்ஸ் ஆஃப் டெத்’ (2003) அட்டைப்படத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. 2010-இல் வந்த ‘தி ஃபைனல் ஃபிரான்டியர்’ பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. கடைசியாக நின்றது இரண்டு: 2006-இன் ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’, 2015-இன் ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு 2006-க்கு. அதில் கொஞ்சம் பழைய பாசமும் உண்டு. 2007 மார்ச்சில் அந்த ஆல்பத்தின் சுற்றுப்பயணத்தில்தான் பெங்களூர் பேலஸ் மைதானத்துக்கு வந்தார்கள். மாமன் மகன் ஊட்டியிலிருந்து மைசூர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சே வராமல் திரும்பி வந்தான். நான் போகவில்லை. கையில் காசில்லை. அவன் வாங்கி வந்த சிடிதான் இன்றுவரை என்னிடம் இருக்கிறது. இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். வாசிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. அதே ஆறு பேர், அதே கெவின் ஷெர்லி தயாரிப்பு, ஸ்டீவ் ஹாரிஸின் அதே குதிரை ஓட்ட பேஸ் கிட்டார். பாடல்களின் பொருளில் 2006 ஒரே பிடியாகப் போரையும் மதத்தையும் பிடித்துக்கொள்கிறது: நார்மண்டிக் கடற்கரையில் படை இறங்கியது, அணுகுண்டு, கடவுள் பெயரைச் சொல்லி நடக்கும் கொலைகள். 2015 பல ஊர் சுற்றுகிறது. மாயன் நாகரிகம் வருகிறது, நடிகர் ராபின் வில்லியம்ஸை நினைத்து எழுதிய பாட்டு வருகிறது, கடைசியில் ஒரு ஆகாயக் கப்பல்.

எனக்கு முடிவைக் கொடுத்தது நீளம்தான். நேரக் கணக்கு மட்டுமில்லை, ஒரே மூச்சில் கேட்க முடிகிறதா என்பது. கேத்தி பாலாடாவில் விடியும் முன் கேரட்டைக் கழுவி, மூட்டை பிடித்து, லோடு ஏற்றிக் கிளம்பினால் குன்னூர் வரை தூக்கக் கலக்கம்தான். பாட்டைப் போடுவது குன்னூர் தாண்டித்தான். அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு முழு லோடோடு இரண்டாவது கியரிலேயே இறங்கினால் எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 2006 ஆல்பம் 72 நிமிடம், ஒரே சிடி. கடைசிப் பாட்டு ‘தி லெகசி’ முடியும்போது மண்டி வாசல் தெரியும். அளந்து வைத்த மாதிரி.

2015 ஆல்பம் 92 நிமிடம், இரண்டு சிடி. முதல் சிடி 50 நிமிடத்தில் முடிந்துவிடும். அப்போது நான் பர்லியாறுக்குக் கீழே, ஒரு கை ஸ்டியரிங்கில், எதிரே பஸ் ஹெட்லைட். கொண்டை ஊசி வளைவில் சிடி மாற்றுகிறவன் சீக்கிரமே பள்ளத்தைப் பார்ப்பான். கிளீனர் பையனிடம் சொன்னால் அவன் அதே சிடியைத் திருப்பிப் போட்டுவிட்டு, “அண்ணா, இது முதல்ல வந்த பாட்டு மாதிரியே இருக்கே” என்பான். அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ‘தி ரெட் அண்ட் தி பிளாக்’ 13 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது; அந்த ‘ஓ ஓ’ கூட்டப் பாட்டைப் பாதியாக வெட்டியிருந்தாலும் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். முப்பது, நாற்பது தடவை கேட்ட பிறகு அந்த இடத்தில் என் கை தானாகவே அடுத்த பாட்டுக்குப் போகிறது. 2006-இலும் ‘ஃபார் தி கிரேட்டர் குட் ஆஃப் காட்’ பாட்டில் அந்தத் தலைப்பு வரியைச் சலிக்கச் சலிக்கப் பாடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு தடவையும் டிக்கின்சன் குரல் ஒரு படி ஏறி வருவது போல இருக்கும். என் கை நகர்வதில்லை.

இன்னொன்று ஒலி. 2006 ஆல்பத்துக்கு மாஸ்டரிங் வேண்டாம் என்று ஸ்டீவ் ஹாரிஸ் முடிவு செய்தார். பொதுவாக அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஒலியை ஒரே மட்டத்துக்குத் தூக்கி, மெருகு போட்டு விடுவார்கள். அது இல்லாததால் மெல்லிய இடம் மெல்லியதாகவே, அடிக்கிற இடம் அடியாகவே நிற்கிறது. வண்டியில் இது தொல்லையும்தான். ‘பெஞ்சமின் பிரீக்’ பாட்டின் தொடக்கம் இஞ்சின் சத்தத்தில் காணாமல் போகும். பையன், “பாட்டு நின்னுடுச்சாண்ணா?” என்று சவுண்டைக் கூட்டுவான். அப்புறம் கிட்டார் மொத்தமாக இறங்கும்போது டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரே ஆடுவார். நல்ல ஸ்பீக்கர் வைத்து வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். நான் கேட்டதெல்லாம் கதவில் பதித்த இரண்டு ஸ்பீக்கரில்தான்.

2006-இன் குறையையும் சொல்லிவிட வேண்டும். முதல் பாட்டு ‘டிஃபரன்ட் வேர்ல்டு’ சுமார். பலா பழுக்கும் காலத்தில் கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை ரோட்டுக்கு வரும். லைட்டைக் குறைத்து, பாட்டை அணைத்து, காத்திருக்க வேண்டும். என் பிளேயரோ அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்தே தொடங்கும். யானைகள் புண்ணியத்தில் அந்த ஆல்பத்திலேயே நான் அதிகம் கேட்டது அந்தச் சுமாரான பாட்டைத்தான்.

‘சென்ஜுட்சு’ (2021) ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். அதுவும் 82 நிமிடம், இரண்டு சிடி. போனில் நாலைந்து தடவைதான் கேட்டிருக்கிறேன். கடைசியில் வரும் ‘ஹெல் ஆன் எர்த்’ முதல் தடவையே பிடித்துவிட்டது. மற்றதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாலைந்து தடவை போதாது.

ஆனால் 2015-இன் இரண்டாவது சிடியை முழுவதும் பீரோவுக்கு அனுப்ப மனம் வரவில்லை. காரணம் கடைசிப் பாட்டு, ‘எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸ்’. 18 நிமிடம், மெய்டன் போட்டதிலேயே நீளமானது. டிக்கின்சன் தனியாக எழுதி, பியானோவும் அவரே வாசித்தது. 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி பிரான்சில் விழுந்து எரிந்த ஆர்101 ஆகாயக் கப்பலின் கதை. 48 பேர் இறந்தார்கள். அது போய்ச் சேர வேண்டிய இடம் கராச்சி, அதாவது அன்றைய இந்தியா.

இப்போது அந்த இரண்டாவது சிடி மட்டும் சன் வைசருக்குப் பின்னால் சொருகியிருக்கிறது. இறங்கும்போது அதைத் தொடுவதில்லை. மண்டியில் லோடை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு கல்லாறு தாண்டியதும் போடுவேன். மரப்பாலம் பக்கம் மேகம் ரோட்டில் இறங்கும் நேரத்துக்குப் பியானோ தொடங்கும். பையன் அதற்குள் தூங்கியிருப்பான்.