அலமாரியில் கைவைக்கச் சொன்ன பயிற்சி

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஏழு பயிற்சிச் சான்றிதழ்கள் கிடக்கின்றன. அவற்றில் ஆறு எதற்காகக் கிடைத்தவை என்று கேட்டால் எடுத்துப் படித்துத்தான் சொல்ல வேண்டும். பள்ளி நூலகருக்கென்று தனிப் பயிற்சி நடப்பதே அரிது. ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சியில் கடைசி வரிசையில் நமக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். பாடத் தயாரிப்பு, வினாத்தாள் அமைப்பு என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கையொப்பம் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஏழாவது அப்படி இல்லை. ஆறு வாரம் நடந்த இணையவழிப் பயிற்சி அது. பாதிக்குப் பாதி ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தச் சான்றிதழை மட்டும் மறக்கமாட்டேன்.

நடத்தியவர்களின் பெயர் இங்கே வேண்டாம். குறை நிறையச் சொல்லப்போகிறேன். தவிரவும் இதே அச்சில் வார்த்த பயிற்சிகள் பல இருக்கின்றன. சேருமுன் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் படிப்பவர்களுக்கு உதவும்.

வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு பணி. பள்ளியில் தனியாளாக இருக்கும் நூலகர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து இணை அமைத்தார்கள். முதல் வாரம் வீண். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் முறையை டியூயி 1876-இல் வெளியிட்டார், நூலகவியலின் ஐந்து விதிகளை ரங்கநாதன் 1931-இல் நூலாகத் தந்தார் என்று திரையில் இருந்ததை ஒருவர் அப்படியே வாசித்தார். பதினான்கு ஆண்டுகளாக நூல்களில் அந்த எண்ணை ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கு இது எதற்கு? ஒலியைக் குறைத்துவிட்டு, கிழிந்த அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வாரக் கடைசியில் கொடுத்த பணி சுருக்கென்று தைத்தது. சர்வதேச நூலகக் கூட்டமைப்பான இஃப்லா 2015-இல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டுதல்கள் நம் வேலையை நான்காகப் பிரிக்கின்றன: கற்பித்தல், நிர்வாகம், தலைமையும் கூட்டுப்பணியும், சமூகத்தோடு ஊடாடல். ஒரு நாளை எடுத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒருமுறை என்ன செய்கிறீர்கள் என்று எழுதிவையுங்கள், பிறகு அதை இந்த நான்கில் பகுத்துப் பாருங்கள் என்றார்கள். எழுதினேன். வராத ஆசிரியர்களுக்குப் பதிலாக இரண்டு பாடவேளை. இரவல் பதிவு, அடுக்குதல், அலுவலகத்துக்கு ஒரு பட்டியல், பழுதான கணினிக்கு ஆள் தேடல். கற்பித்தல் என்ற தலைப்பின் கீழ் போட ஒரே ஒரு கால் மணிதான் மிஞ்சியது. அதுவும் ஒரு பையனுக்கு அகராதி பார்க்கச் சொல்லிக்கொடுத்தது. அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, மறுவாரம் பதிலி வகுப்புகளில் ஒன்றைக் குறைத்தார். ஒன்றுதான். அதுவே பெரிது.

இரண்டாவது, மூன்றாவது வாரங்களுக்காகவே இந்தப் பயிற்சியில் சேரலாம். நூல்களை நீக்குவது எப்படி என்பது தலைப்பு. வாங்குவதற்குப் பயிற்சி தருவார்கள், வகைப்படுத்தத் தருவார்கள். நீக்குவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நூலகம் வெளியிடும் கையேட்டின் முறையை எடுத்துக்கொண்டார்கள். நூல் வெளிவந்து எத்தனை ஆண்டு, கடைசியாக இரவல் போய் எத்தனை ஆண்டு என்று முதலில் இரண்டு கேள்விகள். அதன்பின் ஆறு குணங்கள்: தவறான தகவல் தருவதா, உருக்குலைந்ததா, புதிய பதிப்பு வந்து காலாவதியானதா, சாரமற்றதா, நம் வாசகருக்குப் பொருந்தாததா, வேறிடத்தில் எளிதில் கிடைப்பதா. உங்கள் நூலகத்தில் ஒரே ஓர் அலமாரி, நூறு நூல், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள் என்பது பணி.

நான் டியூயி எண் 520-இலிருந்து, அதாவது வானியலிலிருந்து தொடங்கினேன். புளூட்டோ 2006-இல் குறுங்கோள் ஆனது. என் அலமாரியில் நான்கு நூல்கள் இன்னும் ஒன்பது கோள்களோடு சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றில் வழவழப்பான தாளில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். எடுக்க மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தேதிச் சீட்டைப் பார்த்தேன். கடைசி முத்திரை, நான் வேலைக்கு வந்த முதல் ஆண்டு. முத்திரை கோணலாக இருந்தது; அது என் கைதான், அப்போது அழுத்திக் குத்தத் தெரியாது. பதினான்கு ஆண்டுகளாக அந்தப் புத்தகத்தை நானே தூசி தட்டி, எடுத்து, அதே இடத்தில் வைத்திருக்கிறேன். அதற்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. அட்டை போய், முதுகில் துணிநாடா ஒட்டிய விடுகதைத் தொகுப்பு. உருக்குலைந்தது என்ற கணக்கில் நீக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இரவில் தொலைபேசியில் என் இணையான சக நூலகர் கேட்டார்: "சீட்டைப் பார்த்தீர்களா, மேடம்?" பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தபோது அந்த ஓராண்டில் மட்டும் பதினோரு முத்திரை. பெட்டியிலிருந்து எடுத்து பைண்டிங்குக்கு அனுப்பினேன். கிழிந்தது என்பதற்குப் படிக்கப்பட்டது என்றும் பொருள் உண்டு என்பதை அந்தக் கையேட்டைவிட அந்தக் கேள்விதான் எனக்கு உறைக்கவைத்தது. நூற்றில் 31 நூல்களை நீக்கலாம் என்று முடிவுக்கு வந்தேன். அவர் தன் பள்ளியில் 44. அலமாரியில் இடைவெளி விட்டு, சில நூல்களை முகம் தெரிய நிறுத்திவைத்த வாரத்திலேயே வானியல் நூல்கள் வெளியே போகத் தொடங்கின.

குறை இங்கேதான். நீக்குங்கள் என்று சொன்னவர்கள், நீக்கியதை என்ன செய்வது என்று சொல்லவில்லை. பள்ளி நூலகத்தில் ஒவ்வொரு நூலும் சேர்க்கைப் பதிவேட்டில் எண் பெற்ற சொத்து. இருப்பு சரிபார்க்கும் நாளில் எண் இருந்து நூல் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவள் நான். யார் ஒப்புதல் தர வேண்டும், பதிவேட்டில் எப்படிக் குறிப்பது, காரணத்தை எப்படி எழுதுவது என்று கேட்டேன். "அது உங்கள் நிர்வாகத்தைப் பொறுத்தது" என்று அடுத்த திரைக்குப் போய்விட்டார்கள். நானும் என் இணையும் உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தோம்: எண், தலைப்பு, ஆண்டு, கடைசி இரவல், ஆறு குணங்களில் எது, கையொப்பம். பயிற்சி தந்திருக்க வேண்டிய தாள் அது.

நான்காவது வாரம், இணையத் தகவலைச் சோதித்தல். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வொன்றைச் சொன்னார்கள். வரலாற்றாசிரியர் 10 பேர், செய்திகளின் உண்மை சரிபார்ப்போர் 10 பேர், மாணவர்கள் 25 பேர். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் ஒரு தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, அதன் தோற்றத்தில் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்போரோ உடனே வெளியேறி, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் புதிய தாவல்களைத் திறந்தார்கள். நானும் இத்தனை நாளாக "எழுதியவர் யார் என்று தளத்தில் பார்" என்றுதான் சொல்லிக்கொடுத்து வந்தேன். மாற்றிக்கொண்டேன்.

ஆனால் பயிற்சிக்குத் தந்த எடுத்துக்காட்டு, 1998-இலிருந்து இணையத்தில் உலவும் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் தளம். அதன் பெயரைத் தட்டினாலே அது புரளி என்று வந்துவிடுகிறது. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இன்றைய சிக்கல் வேறு. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்று தந்த நூற்பட்டியலோடு ஒரு மாணவன் வந்தான், "மிஸ், இந்த ஆறும் நம்மிடம் இருக்கிறதா?" என்று. பதிப்பகம், ஆண்டு எல்லாம் பொருத்தமாகவே இருந்தன. அரை மணி நேரம் தேடினோம். நான்கு நூல்கள் உலகிலேயே இருப்பதாகத் தெரியவில்லை. இதற்குப் பயிற்சியில் ஒதுக்கியது பத்து நிமிடம்.

ஐந்தாவது வாரம் நன்று. தகவல் தேடும் மாணவரின் மனநிலையை ஆராய்ந்த கரோல் குல்தாவின் கருத்தை விளக்கினார்கள். தலைப்பைத் தேர்ந்ததும் வரும் உற்சாகம், தேடத் தொடங்கியதும் குழப்பமாகிவிடும். நமக்குத்தான் தெரியவில்லை என்று பிள்ளை நினைக்கும். அந்த இடத்தில்தான் உதவி வேண்டும் என்கிறார். தேனீக்களைப் பற்றிய செயல்திட்டத்துக்காக வந்த ஒரு சிறுமி கையில் நூலை வைத்துக்கொண்டு திறக்காமலே நின்றாள். முன்பாக இருந்தால் இன்னும் நான்கு நூல்களை எடுத்து அவள் தலையில் கட்டியிருப்பேன். இந்த முறை, "இதுவரை படித்ததில் உனக்கு வியப்பாக இருந்தது எது?" என்றேன். தேனீ நடனமாடி வழி சொல்லுமாம் என்றாள். அது போதும், தலைப்பு கிடைத்துவிட்டது. ஒரு நூலை நானே திரும்ப அலமாரியில் வைத்தேன்.

ஆறாவது வாரம் மென்பொருள். நியூசிலாந்தில் பிறந்து 2000-இலிருந்து புழங்கும் கோஹா என்ற கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருளை ஓட்டிக் காட்டினார்கள். வேகம் தாங்கவில்லை, இதற்குத் தனியாக இரண்டு வாரமாவது வேண்டும்.

இனி எரிச்சல். ஐந்து வாரப் பணிகளை இரவு கண்விழித்து எழுதி அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் வந்த மதிப்புரை: "நல்ல முயற்சி. மேலும் ஆழமாகச் சிந்திக்கலாம்." என் இணைக்கும் அதே இரண்டு வாக்கியம், முற்றுப்புள்ளி உட்பட. அவர் மூன்றாவது வாரம் பணியையே தவறான கோப்பாக அனுப்பியிருந்தார். அதற்கும் நல்ல முயற்சிதான். பயிற்சி முடிந்த மறுநாள் காணொளிகளையும் குழுவையும் பூட்டிவிட்டார்கள். இரண்டு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை.

சேரலாமா என்றால், புதிதாகப் பணிக்கு வந்தவர்கள் முதல் வாரத்தைப் பொறுத்துக்கொண்டு சேரலாம். அனுபவசாலிகள் சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: பணிகளை யார் படிப்பார்கள், காணொளி எத்தனை நாள் திறந்திருக்கும், இணை உண்டா. மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் நான் சேரமாட்டேன்.

நானும் என் இணையும் இன்னும் வியாழன்தோறும் பேசிக்கொள்கிறோம். அவர் வரலாற்றுக்கான 900-க்குப் போய்விட்டார். நான் தொழில்நுட்பத்துக்கான 600-இல், கணினியின் நெகிழ்தட்டை (ஃபிளாப்பி) பயன்படுத்துவது எப்படி என்று விளக்கும் ஒரு நூலை எடுத்து அவருக்கு அட்டையைப் படித்துக் காட்டினேன். "அது கணினிக்கான 004-இல் அல்லவா இருக்க வேண்டும்?" என்றார்.