ரிச்சி தெருவில் ‘ரெடிமேட்’ எக்ஸ்பாக்ஸ் ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

900 ரூபாய் போனதுகூடப் பெரிதில்லை, போன விதம்தான் வயிற்றெரிச்சல். லீவு நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

அக்கா மகன் பத்தாவது பரீட்சை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பரணைக் குடைந்ததில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கண்ட்ரோலர்கள் சிக்கின. எக்ஸ்பாக்ஸ் 360 என்பது மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் பெட்டி, 2008-ல் முதல் போனஸில் வாங்கினேன். கண்ட்ரோலர்களில் ஒன்று பெட்டியோடு வந்தது, இன்னொன்று தனியாக வாங்கியது. பெட்டி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. எப்படிச் செத்தது என்று 360 வைத்திருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: முன்னால் இருக்கும் வட்டத்தில் முக்கால் பாகம் சிவப்பாகச் சிமிட்டும், கதை முடிந்தது. இந்தக் கோளாறுக்காகவே மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, அந்தச் செலவுக்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. என் பெட்டி மரியாதையாக அந்த மூன்று வருடம் முடியும்வரை காத்திருந்துவிட்டுச் செத்தது. வீடு மாறியபோது காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

“மாமா, இத நம்ம பிசில மாட்டி ஃபுட்பால் ஆடலாமா?” என்றான்.

கூடவே கிடந்த சார்ஜ் கேபிளை எடுத்து மாட்டியும் விட்டான். கம்ப்யூட்டர் ‘டிடிங்’ என்றது. பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கேபிள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும்தான். கேபிள் மாட்டியிருந்தாலும் பட்டன் சமாச்சாரமெல்லாம் காற்று வழியாகத்தான் போகும், அதை வாங்கிக்கொள்ள எதிரே ஒரு ரிசீவர் வேண்டும். கம்ப்யூட்டருக்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒரு ரிசீவர் விற்றது. இப்போது அதன் பேரில் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் நகல்.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் பழைய பெரிய மாடலில் முன்பக்கம் பவர் பட்டனும் வெளிச்ச வட்டமும் ஒரு சின்ன சர்க்யூட் பலகையில் இருக்கும். கண்ட்ரோலரோடு பேசும் ரேடியோவும் அதே பலகைதான். மதர்போர்டு செத்தாலும் இது சாகாது. சிவப்பு விளக்கைக் காட்டி மரணச் செய்தி சொல்வதே அந்தப் பலகைதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அது மதர்போர்டோடு பேசுவதும் யு.எஸ்.பி. வழியாகத்தான். ஆகவே செத்த பெட்டியிலிருந்து அதைக் கழற்றி, யு.எஸ்.பி. வயரும் இன்னும் ஒன்றிரண்டு சின்னப் பாகமும் சாலிடர் செய்தால் அது கம்ப்யூட்டருக்கு ரிசீவராகிவிடும். உலகம் முழுக்கப் பல பேர் பல வருடமாகச் செய்கிற வேலை.

இதைத் தேடித்தான் ஒரு சனிக்கிழமை மவுண்ட் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தோம். படிக்கட்டுக்கு அடியில் ஒரு கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். கடைப் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். அன்று ஒரு பெயர்ப்பலகை, அடுத்த முறை போனபோது வேறு பெயர்ப்பலகை.

நான் பலகை மட்டும்தான் கேட்டேன். கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். பலகையில் ஏற்கெனவே வெள்ளை யு.எஸ்.பி. கேபிள் சேர்த்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ‘எக்ஸ்பாக்ஸ் வைஃபை புளூடூத் அடாப்டர் - ஆல் மாடல்’ என்று எழுதிய ஸ்டிக்கர்.

“ரெடிமேட் பாஸ். எதுக்கு நீங்க தனியா வாங்கி கஷ்டப்படுறீங்க? மாட்டுனா ஆட வேண்டியதுதான்.”

அந்த ஸ்டிக்கரைப் பார்த்தவுடனேயே நான் திரும்பியிருக்க வேண்டும். 360-இன் ரேடியோ வைஃபையும் கிடையாது, புளூடூத்தும் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மைக்ரோசாஃப்டின் சொந்த ஏற்பாடு. அடுத்த தலைமுறையான எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலர் இதோடு பேசவே பேசாது. ‘ஆல் மாடல்’ என்பதே பொய். ஆனால் பையன் பக்கத்தில் நின்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க” என்றேன்.

தன் லேப்டாப்பில் செருகினார். டிடிங். டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் ஆச்சரியக்குறி போட்ட ஒரு வரியைக் காட்டினார். “பாத்தீங்களா, எடுக்குது. டிரைவர் போட்டா முடிஞ்சுது.”

“வட்டத்துல லைட்டே எரியலையே?”

“அது கன்சோல்ல மட்டும்தான் பாஸ் எரியும். பிசில எரியாது.”

இந்த ஒரு வரியில்தான் ஏமாந்தேன். கண்ட்ரோலரைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். பையன் பையில் போட்டிருந்தான், நான்தான் எதற்கு வெயிட் என்று எடுத்து வைத்துவிட்டு வரச் சொன்னேன். 900 ரூபாயை ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, “பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், பரவாலயா?” என்றார். பணம் கைமாறியதும் பாஸ் சாராகிவிட்டதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

வீட்டில் டிரைவர் விஷயம் அவர் சொன்னபடிதான் நடந்தது. விண்டோஸ் தானாகக் கண்டுபிடிக்காது. பட்டியலைத் திறந்து ‘எக்ஸ்பாக்ஸ் 360 பெரிஃபெரல்ஸ்’ என்பதற்குள் போய், ‘வயர்லெஸ் ரிசீவர் ஃபார் விண்டோஸ்’ என்பதைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். மஞ்சள் குறி போய்விட்டது. புது பேட்டரி இரண்டு போட்டுக் கண்ட்ரோலரின் தலையில் இருக்கும் சின்ன சிங்க் பட்டனை (ரிசீவரோடு ஜோடி சேர்ப்பதற்கானது) அழுத்தினால், நாலு பச்சை விளக்கும் சுற்றிச் சுற்றி வருகின்றன, அப்புறம் அணைகின்றன. இரண்டாவது கண்ட்ரோலரும் அதே கதை. ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்தோம். பேட்டரி மாற்றினோம், போர்ட் மாற்றினோம், ரீஸ்டார்ட் பண்ணினோம். நடுவில் அக்கா போன் பண்ணி, பையன் தூங்கினானா என்று வேறு கேட்டாள்.

மறுநாள் ஆபீஸ் நண்பர் ஒருவர் மல்டிமீட்டரோடு வந்தார். எலக்ட்ரானிக்ஸ் கிறுக்கு, சாலிடரிங் அயர்ன் இல்லாமல் ஊருக்குக்கூடப் போக மாட்டார். டேப்பைக் கிழித்தார். உள்ளே யு.எஸ்.பி. கேபிளின் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நாலே நாலு வயர். சிவப்பு வயரின் நடுவில் ஒரு டயோடு.

“இவ்வளவுதானாய்யா?” என்றார்.

பலகை ஓட 3.3 வோல்ட் வேண்டும். யு.எஸ்.பி.யில் வருவது 5. முறையாகச் செய்பவர்கள் நடுவில் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வைப்பார்கள். கையில் காசில்லாதவர்கள் இரண்டு டயோடை வரிசையாக வைப்பார்கள், ஒவ்வொன்றும் சுமார் 0.7 தின்றுவிட்டு 3.6 மிஞ்சும், அதுவே ஒப்பேற்றுகிற வேலைதான். நம்ம ஆள் அதிலும் ஒரு டயோடை மிச்சம் பிடித்திருக்கிறார். மீட்டரை வைத்தால் 4.3. விரலை வைத்தால் சிப் சுடுகிறது.

அதைவிடப் பெரிய மோசடி, மீதி இரண்டு வயர் இல்லாததுதான். யு.எஸ்.பி. வயர்கள் போக டேட்டா, கிளாக் என்று இன்னும் இரண்டு கால்கள் பலகையில் உண்டு. பெட்டிக்குள் இருக்கும்போது மதர்போர்டு அந்த வழியாகத்தான் ‘விளக்கைப் போடு’, ‘சிங்க் பண்ணு’ என்று உத்தரவு கொடுக்கும். பழைய பெரிய மாடலில் சிங்க் பட்டன் பலகையில் கிடையாது, மதர்போர்டில்தான் இருக்கிறது. மதர்போர்டு இல்லாத இடத்தில் அந்த உத்தரவைக் கொடுக்க ஆர்டுயினோ மாதிரி ஒரு குட்டி மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நாமே புரோகிராம் ஏற்றக்கூடிய சிப் வேண்டும். டேட்டா வயரின் வோல்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் பலகை கிளாக் அடிக்க ஆரம்பிக்கும். அந்தத் தாளத்துக்கு ஒவ்வொன்றாகப் பத்து பிட் தள்ள வேண்டும். சிங்க்குக்கு 0000000100. வட்டத்து விளக்குக்கு 0010000100. மொத்தமே இவ்வளவுதான், ஆனால் இது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. மாட்டியவுடன் டிடிங் என்னும், டிரைவர் ஏறும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். கண்ட்ரோலர் மட்டும் ஜென்மத்துக்கும் சேராது.

ஆக, விளக்கு எரியாததற்கு அவர் சொன்ன காரணம் பச்சைப் பொய். கம்ப்யூட்டரிலும் எரியும், எரிய வைக்கத் தெரிந்தவன் செய்திருந்தால். தெரியாமல் விற்றாரா, தெரிந்தே விற்றாரா என்று முதலில் சந்தேகமாகத்தான் இருந்தது. திரும்பிப் போன அன்று அதுவும் தீர்ந்தது.

பிரித்த டேப்பைப் பார்த்தவுடன் கடைக்காரர் முகம் மாறியது. “சீலைப் பிரிச்சிட்டீங்களே சார். பிரிச்சா வாரண்டி கெடையாது.”

“இது சீலா? இன்சுலேஷன் டேப்பு. பத்து ரூபா.”

“நான் ஒர்க்கிங்ல குடுத்தேன். நீங்கதான லேப்டாப்புல பாத்தீங்க.”

“கண்ட்ரோலர் சேர்ந்துச்சா? அதைக் காட்டுங்க, நான் போயிடுறேன்” என்று இரண்டு கண்ட்ரோலரையும் மேஜையில் வைத்தேன். தொடவே இல்லை. பின்னால் நின்ற கடைப் பையனிடம், “டேய், இவருக்கு ஏதாவது பாத்துக் குடு” என்றுவிட்டு அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார். அப்போது மேஜைக்கு அடியில் பார்த்தேன். அதே வெள்ளை கேபிள், அதே கறுப்பு டேப், வரிசையாக ஏழெட்டு.

1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் அதுதான். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஒன்று மட்டும், அதிலும் கடைப் பெயர் கிடையாது, யாரோ ஒரு தனி ஆள் பெயர். ஜிஎஸ்டிக்குப் பயந்து பில் வேண்டாம் என்ற என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பலகை நாலாவது நாளே கம்ப்யூட்டரில் தெரிவதை நிறுத்திவிட்டது. 4.3 வோல்ட் தன் வேலையைக் காட்டியிருக்கும் என்றார் நண்பர். அப்புறம் அவரே வேறொரு கடையில் வெறும் பலகை ஒன்று வாங்கி வந்தார், 250 ரூபாய். சின்ன ரெகுலேட்டர் ஒன்று, 3.3 வோல்ட்டில் ஓடும் புரோ மினி என்கிற குட்டி ஆர்டுயினோ ஒன்று. சாதாரண 5 வோல்ட் ஆர்டுயினோவை நேரடியாக இதில் மாட்டாதீர்கள், டேட்டா வயர் வழியாக 5 வோல்ட் ஏறிவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர் காபி நேரத்துக்குள் முடித்துவிட்டார். கேபிளைச் செருகியதும் வட்டம் பச்சையாகச் சுற்றியது. பையன் சிங்க் பட்டனை அழுத்தினான். முதல் கால்வட்டம் நின்று எரிந்தது. இப்படி நாலு கண்ட்ரோலர் வரை சேருமாம், எங்களிடம் இரண்டுதான். நான் ஐந்து கோல் வாங்கினேன்.

நான் எடைக்குப் போட்ட பெட்டியிலும் இதே பலகை இருந்தது என்பதை நண்பர் அன்று மூன்று தடவை சொல்லிக் காட்டினார்.

செத்த 360 எதுவும் வீட்டில் இருந்தால் போடுவதற்கு முன்னால் முன்பக்கப் பலகையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வாங்குவதானால் கண்ட்ரோலரையும் இரண்டு பேட்டரியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் கண்ணெதிரில் கண்ட்ரோலர் சேர்ந்து முதல் கால்வட்டம் அணையாமல் எரியட்டும், அதற்கப்புறம் ஜிபேயைத் திறக்கலாம். டிடிங் சத்தத்தை நம்பாதீர்கள், வெறும் சார்ஜ் கேபிளுக்கும் அது டிடிங் என்றுதான் சொல்லும்.

அந்தக் கடைப் பையன் ‘பார்த்துக் கொடுத்தது’ ஒரு மவுஸ். ஸ்க்ரோல் கீழே மட்டும்தான் போகிறது.