20.6 கிலோ ரோபோவும் அதைத் தாங்கும் மேசையும்: யுஆர்5இ மதிப்பீடு

டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனத்தின் யுஆர்5இ, ஆறு மூட்டுகளைக் கொண்ட, மனிதர்களுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யக்கூடிய ரோபோ கை. இதன் எடை 20.6 கிலோ, 5 கிலோ வரை தூக்கும், 850 மி.மீ. வரை எட்டும். கிரேன் இல்லாமல் இருவரே தூக்கிப் பொருத்திவிடலாம் என்பது சிறிய பட்டறைகளுக்குப் பெரிய வசதி. அசையும் பகுதிகளின் எடை குறைவாக இருப்பதால் ஆள்மீது இடித்தாலும் தாக்கம் குறைகிறது. அந்த வகையில் இந்த வடிவமைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும், ரோபோவில் குறைத்த எடையை மேசையில் சேர்த்தே ஆக வேண்டும். மணிக்கட்டில் ஒரு கிலோ கூடினால் கீழுள்ள மூட்டுகள் எல்லாம் அதைச் சுமக்க வேண்டும். அசையாத அடிப்பகுதியில் கூடும் எடையோ எந்த மோட்டாருக்கும் பாரமில்லை, நிலைத்தன்மையை மட்டுமே தருகிறது. யுஆர்5இ-யின் அடிப்பகுதி 149 மி.மீ. விட்டமே உள்ளது, நான்கு எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட்டுகள்தாம் அதைப் பிடித்திருக்கின்றன. கை முழுவதும் நீண்டிருக்கும்போது 5 கிலோ பொருள் மட்டுமே அடியில் ஏறத்தாழ 42 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை, அதாவது ரோபோவைக் கவிழ்க்கப் பார்க்கும் சுழற்று விசையை, உண்டாக்குகிறது. கையின் சொந்த எடையும், வேகமாகத் திரும்பிச் சட்டென்று நிற்கும்போது எழும் விசையும் இதற்கு மேல். அதனால்தான், பொருத்தும் பரப்பு கையின் எடையைப்போல் ஐந்து மடங்கையும், அடி மூட்டின் முழு முறுக்குவிசையைப்போல் பத்து மடங்கையும் தாங்க வேண்டும் என்று நிறுவனத்தின் கையேடே சொல்கிறது. அந்த மூட்டின் உச்ச அளவு 150 நியூட்டன் மீட்டர் என்பதால், மேசை 1500 நியூட்டன் மீட்டரைத் தாங்க வேண்டும்.

மெல்லிய தகட்டு மேசையின் விளிம்பில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் விஷயம் உடனே விளங்கும். கை திரும்பி நின்ற பிறகும் முள் சற்று நேரம் ஆடிக்கொண்டிருக்கும். மேசை 0.1 பாகை சாய்ந்தாலே, 850 மி.மீ. தொலைவில் கைமுனை ஏறத்தாழ 1.5 மி.மீ. இறங்கிவிடும், நிறுவனம் அறிவிக்கும் ±0.03 மி.மீ. மீள்துல்லியம் (ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் துல்லியம்) அங்கே பொருளற்றுப் போகிறது. ஆட்டம் அடங்கும்வரை புரோகிராமில் காத்திருப்பைச் சேர்க்க வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். எதைச் செய்தாலும் உற்பத்தி நேரம் நீளும்.

எடைக்கும் தூக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தில் யுஆர்5இ தனித்து நிற்கவில்லை. ஜப்பானின் ஃபானுக் நிறுவனத்தின் எல்ஆர் மேட் 200ஐடி ரோபோ 25 கிலோ எடையில் 7 கிலோ தூக்குகிறது, எட்டுவது மட்டும் 717 மி.மீ. தான். அதே நிறுவனத்தின் எம்-2000ஐஏ 11 டன் எடையோடு 2300 கிலோவைத் தூக்குகிறது. மூன்றிலும் விகிதம் ஏறத்தாழ மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில்தான் நிற்கிறது.

மெஷினில் பாகங்களை ஏற்றி இறக்கவும், திருகுகளை முடுக்கவும், அடிக்கடி இடம் மாற்றவும் யுஆர்5இ-யைத் தயங்காமல் வாங்கலாம். அதிவேகமாக எடுத்து வைக்கும் வேலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கும்போதே தடித்த எஃகுத் தகடு போட்ட ஸ்டாண்டுக்கும், அதைக் கான்கிரீட்டில் இறுக்கும் ஆங்கர் போல்ட்டுகளுக்கும் பணம் ஒதுக்குங்கள். சக்கர மேசைதான் வேண்டும் என்றால், சக்கரங்கள் தரையைத் தொடாதபடி திருகுக் கால்களை இறக்கி நிறுத்திய பிறகே ரோபோவை இயக்குங்கள்.