ரொட்டி அருமை, மெனுவைத்தான் விழுங்க முடியல

இலங்கை மலையகத்துல, தலவாக்கலை தாண்டி லிந்துலைப் பக்கம், நுவரெலியா ரோட்டிலேயே இருக்கு இந்தச் சாப்பாட்டுக் கடை. பெயர் போட விருப்பமில்லை. முன்னால தகரக் கூரையோட, தேயிலைத் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயம், அதாவது வரிசை வீடு மாதிரியே கட்டி வச்சிருக்காங்க, பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டுக் கூடலூர்ல இருந்து வந்திருந்த மாமா மகனைக் கூட்டிட்டுப் போனேன்.

முதல்ல சாப்பாடு. ரொட்டி அசல் நம்ம வீட்டு ரொட்டி. கை தடிப்பு, தேங்காய்ப்பூ தாராளம், அங்கங்க கருகல். கட்டசம்பல் (மிளகாய்ச் சம்பல்) அம்மியில அரைச்சது, மாசிக் கருவாட்டுல கஞ்சத்தனம் இல்ல. கருவாட்டுக் குழம்புல மட்டும் புளி கூடிப் போச்சு. ரொட்டி செட் 950, சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத டீ, 200. ஆளுக்கு 1150. தோட்டத்துல நாள் சம்பளம் 1000 ரூபா ஆகணும்னு எத்தனை வருசம் கத்தி, அது 2021ல வந்தப்போ எங்கம்மா வேலையை விட்டே நின்னுட்டாங்க. சரி, அது கடைக்காரர் குத்தம் இல்ல.

மெனுவுக்கு வர்றேன். ரொட்டிக்குப் பெயர் 'கூலி செட்'. சாயத்தண்ணிக்கு 'தோட்டக்காட்டான் டீ'. டாய்லெட் கதவுல ஒண்ணுல 'துரை', இன்னொண்ணுல 'கொழுந்துக்காரி', தேயிலை பறிக்கிறவ. பரிமாறுற பையன் இடுப்புல படங்கு, கொழுந்து எடுக்கிறவங்க கட்டுற சாக்கு.

தோட்டத்து ஆளுங்களை மட்டமாச் சொல்ற சொல் தோட்டக்காட்டான். கொழும்புல புடவைக் கடையில நின்ன மூணு வருசமும் எனக்கு 'தோட்டக்காட்டான்'தான் பெயர். அதே சொல்லை எங்கப்பாவும் சொல்லுவார், நான் செருப்போட அடுப்படிக்குள்ள போனா. அதுக்கு யாருக்கும் கோபம் வந்ததில்ல.

"யாரு தம்பி இந்தப் பேரெல்லாம் வச்சது?"

"முதலாளிதான் அண்ணே. நம்ம ஆளுதான். அவங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்க."

அப்படியா, அப்ப அவர் சொல்லலாம்தானேன்னு பாதி சமாதானமானேன். பக்கத்து மேசையில கொழும்புக் கூட்டம் ஒண்ணு கூடையை மாட்டிப் படம் எடுத்துக்கிட்டு இருந்திச்சு. அதுல ஒருத்தர் பையனைப் பார்த்து, "ஏய் தோட்டக்காட்டான், டீ எங்க?"ன்னாரு. மெனுவுல உள்ளதைத்தானே கேட்கிறார், என்ன சொல்றது? பையன் சிரிச்சுக்கிட்டே ஓடினான். பகிடி முதலாளியோடது, படங்கு கட்டி நிக்கிறது அவன்.

மச்சானுக்கு இதெல்லாம் வேடிக்கை. "எங்களை அங்க இன்னும் சிலோன்காரன்னுதான்டா சொல்றாங்க"ன்னான். 1948ல தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை இல்லாமப் போச்சு. எங்க ஆளுங்கள்ல ஒரு பகுதியை இந்தியா எடுத்துக்கிறதுன்னு போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் மாமா தலைமன்னார்ல கப்பலேறிப் போய் அங்கேயும் தேயிலைத் தோட்டத்துலதான் சேர்ந்தார். அம்மா இங்க நின்னுட்டாங்க. இங்க நாங்க 2012 குடிசன மதிப்பீட்டுலயும் 'இந்தியத் தமிழர்', அங்க அவங்க சிலோன்காரங்க.

பில் வந்திச்சு. 'கூலி 2, தோ.கா. 2'ன்னு பேனாவால எழுதியிருந்திச்சு. மச்சான் அதை வாங்கி வரி வரியாக் கூட்டிப் பார்த்தான். என் வாய் சும்மா இருக்குமா? "இந்தியாக்காரன் கணக்குப் பார்க்காம எழும்ப மாட்டான்"னேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப உன் தாத்தா எந்த ஊரு?"

கூட்டல்ல 100 ரூபா பிழை இருந்திச்சு, கேட்டதும் திருத்திக் கொடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு முன்னால போங்க, அப்புறம் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. பார்சல் தனி ஜன்னல்ல. அங்க "ரொட்டி ரெண்டு"ன்னு கேட்டாலும் கொடுப்பாங்க.