46 கிராம் அட்டிகையில் தங்கம் 31 கிராம்தான்: 1,64,000 ரூபாய் போன கதை

கைவேலை அட்டிகை, ஆன்டிக் ஆரம் என்று யாராவது வாங்கக் கிளம்பியிருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நேற்றுத்தான் அந்தக் கடையில் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். கோபம் இன்னும் இறங்கவில்லை, எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போனது 1,64,000 ரூபாய். ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம். கடைப் பெயரைப் போடப் போவதில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றின் கடைவீதியில், மூன்று தலைமுறைக் கடை என்று போர்டு மாட்டியிருக்கும் நகைக்கடை. அவ்வளவு போதும். கைவேலை நகையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மஞ்சள் விற்ற பணம் கணக்கில் இருந்தது. சங்கிலி, வளையல் எல்லாம் முன்னாடியே சேர்த்தாகிவிட்டது, கெம்புக்கல், அதாவது சிவப்பு மாணிக்கம் வைத்த அட்டிகை ஒன்றுதான் பாக்கி. என் அம்மாவுக்கு இருந்த மாதிரி, ஆசாரி பட்டறையில் உட்கார்ந்து செய்ததாக ஒன்று வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். ஆனி மாதமே போய்விட்டோம்.

கல்லாவில் இருந்த பெரியவர் உடனே நகையைக் காட்டவில்லை. "எந்த ஊருங்க? யாரு தோட்டங்க?" என்று ஆரம்பித்தார். சொன்னதும், "அட, உங்க அப்பாருக்கு எங்கய்யன்தானுங்க கடுக்கன் செஞ்சு குடுத்தாரு" என்றார். எங்கள் அப்பாரு கடுக்கன் போட்டிருந்தது உண்மை. அந்த ஊரில் அந்த வயதுக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் போட்டிருந்தார்கள், அது வேறு விசயம். காபி வந்தது. அப்புறம் உள்ளே இருந்து சிவப்பு வெல்வெட் தட்டு வந்தது. பதினைந்து பூ வைத்த அட்டிகை, ஒவ்வொரு பூவிலும் நடுவே ஒரு பெரிய சிவப்புக் கல், சுற்றிப் பொடிக் கற்கள். மகள் கழுத்தில் வைக்கச் சொல்லிக் கண்ணாடியை அவரே திருப்பிப் பிடித்தார். "அம்மணி, இது மெசின்ல அடிச்சதில்ல. ஒவ்வொரு பூவும் கையில செதுக்கினது. கல்லெல்லாம் பர்மா கெம்பு. நம்ம கொடுமணல் காலத்துல இருந்தே கல்லு வேலை நம்ம சீமையோடதுதான்."

கொடுமணல் சொன்னது பொய்யில்லை. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் தோண்டியபோது, இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் பெரில், ஸ்படிகம், சூதுபவளம் எல்லாம் மணியாகக் கோத்த பட்டறைகளின் தடயம் கிடைத்ததே. காங்கேயம் படியூர்ப் பக்கத்துப் பெரில் கல்லும் பேர் பெற்றது. அத்தனை உண்மையையும் முன்னால் அடுக்கிவிட்டுப் பின்னாலேயே ஒரு பொய்யை நுழைத்தார்.

"கல் எடையைக் கழிப்பீங்களா?" என்று நான் நேராகவே கேட்டேன். "ஏனுங்க, குந்தன் கட்டுன வேலைல கல்லைப் பிரிச்சு நிறுக்க முடியுங்களா? மொத்தக் கல்லும் சேர்ந்து அரைக் கிராம்கூட நிக்காதுங்க." ஹால்மார்க் எங்கே என்று மனைவி கேட்டாள். "குந்தன், போல்கி, ஜடாவ் வேலைக்கெல்லாம் கவர்மென்டே விலக்கு குடுத்திருக்குதுங்க" என்று போனில் எடுத்துக் காட்டினார். மூன்றும் தங்கத்தில் கல் பதிக்கிற பழைய வேலைகள், அந்த விலக்கும் உண்மைதான். அதற்கு மேல் தங்கத்தின் சுத்தம் பார்க்கிற கேரட் மீட்டரில் வைத்து 91.6, அதாவது 22 காரட் என்று காட்டினார். தராசை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். 46 கிராம்.

அன்றைக்குக் கிராம் 9,000. சேதாரம் 18 சதவீதம், "கைவேலைக்கு இது கம்மிங்க" என்றார்கள். கல்லுக்குத் தனியாக 26,000. மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து 5,29,955 ரூபாய், வங்கி வழியாகக் கட்டினேன். சம்பந்தி வீட்டில் அட்டிகை ஆறு பவுன் கிட்ட என்று சொல்லிக் கொடுத்தோம்.

கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை தறி ஷெட்டுக்குப் பணம் புரட்ட அதைக் கூட்டுறவு வங்கிக்கு எடுத்துப் போயிருக்கிறார். மகள் அங்கிருந்தே போன் செய்தாள். "அப்பா, முப்பத்தொண்ணு கிராமுக்கு மேல போட முடியாதுங்கறாங்க. மீதி கல்லும் அரக்குமாம்." பின்னால் சம்பந்தி நிற்கிறார் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. நாலு பவுன்கூட இல்லாததை ஆறு பவுன் என்று சொல்லிக் கொடுத்தவன் ஆகிவிட்டேன்.

வங்கி மதிப்பீட்டாளர் குறைத்துத்தான் போடுவார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்காமல் கோவை செல்வபுரத்தில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே ஒரு பூவை மட்டும் கழற்றினார். நிறுத்தார், 3 கிராம். ஊதுகுழலில் இதமாகச் சூடு காட்டினார். பின்னால் இருந்த தகட்டைக் கிளப்பியதும் கறுஞ்சிவப்பாக அரக்கு கொப்புளித்துக்கொண்டு வழிந்தது. கல்லை எடுத்தார், கல்லுக்கு அடியில் பளபளப்புக்கு வைத்த சிவப்புத் தாள் சுருண்டு வந்தது. துடைத்து மறுபடி நிறுத்தார். 2 கிராம். பதினைந்து பூவும் ஒரே அளவு, ஆக 15 கிராம் தங்கமே இல்லை. கொக்கியும் கண்ணியும் ஒரு கிராம். வங்கியில் சொன்ன 31 அப்படியே வந்து நிற்கிறது.

அரக்கு வைப்பது தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய தகடு நசுங்காமலும் கல் ஆடாமலும் இருக்கக் காலங்காலமாக வைக்கிறதுதான். அம்மாவின் அட்டிகையிலும் இருக்கிறது. அதைத் தங்க விலைக்கு நிறுப்பதுதான் திருட்டு. கேரட் மீட்டர் மேல் தகட்டைத்தான் பார்க்கும், தகடு 22 காரட்தான், அதனால் 91.6 காட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. ஆசாரி லென்ஸை என் கையில் கொடுத்து, "இதழை எண்ணிக்கிட்டே வாங்க, மூணாவது இதழ் ஓரத்தைப் பாருங்க" என்றார். மூன்றாவது இதழின் ஓரத்தில் நகம் பட்டது போல ஒரு சின்ன வடு. அடுத்த பூவிலும் மூன்றாவது இதழில், அதே இடத்தில், அதே வடு. பதினைந்திலும். தகட்டை அடிக்கிற அச்சில் (டை) இருந்த பிசிறு எல்லாப் பூவிலும் பதிந்திருக்கிறது. அம்மாவின் அட்டிகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதில் ஒரு பூவுக்கு இன்னொரு பூ ஒரு நூலாவது கூடக் குறைய இருக்கிறது, பின்பக்கம் அரம் ஓடிய கோடு தெரிகிறது. கையில் செதுக்கினது என்று 18 சதவீதம் வாங்கியது அச்சில் அடித்த தகட்டுக்கு.

கல்லைக் காங்கேயத்தில் பட்டை தீட்டுகிற ஒருவரிடம் காட்டினேன். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தவுடனே, "பர்மாவும் இல்ல, பூமில விளைஞ்சதும் இல்லீங்க" என்றார். உள்ளே வளைவு வளைவாகக் கோடும் பொடிக் குமிழும் தெரிந்தது. பொடியைத் தீயில் உருக்கிச் செய்கிற கல். 1902லேயே பிரான்சில் வெர்னூய் என்பவர் வெளியிட்ட முறையாம். அந்தக் கல்லுக்கு 26,000 வாங்கிக்கொண்டு, அதே கல்லைத் தங்கத்தோடும் நிறுத்திருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். 15 கிராமுக்கு 1,35,000. அதற்குச் சேதாரம் 24,300. அரக்குக்கு எதுக்கய்யா சேதாரம்? ஜிஎஸ்டியோடு 1,64,079. கல்லுக்குக் கொடுத்த 26,000ஐ இதில் சேர்க்கவே இல்லை.

கடைக்குப் போனால் கல்லாவில் பெரியவர் இல்லை. "ஓனர் கோயமுத்தூர் போயிருக்காருங்க." அடுத்த தடவை, "முகூர்த்த சீசனுங்க, கூட்டம் குறையட்டும்." வாட்சாப்பில் போட்டோவும் கணக்கும் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் விடியற்காலையில் அதே எண்ணிலிருந்து தீபாவளிச் சலுகை, கிராமுக்கு நூறு ரூபாய் தள்ளுபடி!

நேற்று ஒருவழியாக மகன்காரர் உட்கார்ந்து பேசினார். பில்லை வாங்கி, 46.000க்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்த ஜி.டபிள்யூ. என்பதை விரலால் தொட்டுக் காட்டினார். "கிராஸ் வெயிட்னு நாங்க போட்டிருக்கோமே சார்." அப்படியானால் நிகர எடை எங்கே? "கேட்டாத்தான் சார் போடுவோம்." உங்கள் அப்பா கல் அரைக் கிராம்கூட நிற்காது என்றாரே? "அப்பா வயசானவரு சார்." சரி, நகையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கால்குலேட்டரைத் தட்டி, "கல்லு, அரக்கு, அழுக்கு கழிச்சு முப்பது கிராமுக்குப் போட்டுக்கலாம்" என்றார். விற்கும்போது அரைக் கிராம்கூட இல்லாதது திரும்ப வரும்போது 16 கிராம் ஆகிவிட்டது. அங்கேதான் எனக்கு வாய் மீறியது. கிளம்பும்போது ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழை நீட்டினார்கள். 1,64,000க்குக் குங்குமச்சிமிழ். மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஹால்மார்க் இருந்து சுத்தம் குறைந்திருந்தால், குறைந்ததன் மதிப்பில் இரண்டு மடங்கு நஷ்ட ஈடு கேட்க, ஹால்மார்க்கைக் கவனிக்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) விதியில் இடம் உண்டு. இதில் ஹால்மார்க்கே இல்லை, அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. அதற்குத்தான் குந்தன், ஜடாவ் என்று பெயர் சூட்டியது. 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், வக்கீல் நோட்டீஸ் தயாராகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்றார்கள். ஆனால் அந்த 5 லட்சத்தைக் கொடுத்த மொத்த விலையை வைத்துப் பார்க்கிறார்கள், என்னுடையது 5,29,955. அதற்கும் ஒரு கட்டணம் கட்டி அழ வேண்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. கல் வைத்த நகை என்றால் மொத்த எடை, கல் எடை, அரக்கு எடை, நிகர எடை நாலையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திரும்பக் கொடுத்தால் எத்தனை கிராமுக்கு எடுப்பீர்கள் என்று வாங்கும்போதே கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். சேதாரம் நிகர எடைக்கு மட்டும்தான். கைவேலை என்றால் இரண்டு பூவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். ஹால்மார்க் உள்ள நகை என்றால் நகையில் பொறித்திருக்கும் ஆறு எழுத்து அடையாள எண்ணை (எச்யூஐடி) பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்துப் பாருங்கள், எந்த நகை, எந்தச் சுத்தம் என்று வரும். கல் விலை அதிகம் என்றால் ரத்தினப் பரிசோதனைச் சான்று கேளுங்கள்.

வக்கீல் ஆபீஸில் ஆறு மணிக்குள் பில் நகல் கொடுக்க வேண்டும், கிளம்புகிறேன். இந்த வருசம் ஆன்டிக், டெம்பிள் என்று எதையாவது வாங்கி பீரோவில் வைத்திருப்பவர்கள் பில்லை எடுத்து, நிகர எடை என்று ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாதவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், ஒரே கடையா என்று தெரிந்தால் சேர்ந்தே புகார் கொடுத்துவிடலாம்.