டிரெட்மில்லில் பாடச் சொன்ன வகுப்பு

எனக்கு வயது 61. என் சர்க்கரைக்கு 16. போன ஆண்டு எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்று எழுதியிருந்தார்கள். இதயம் சுருங்குவதில் குறையில்லை, தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் விறைப்பு என்றார் டாக்டர். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்தும் பயிற்சி வகுப்பில் சேரச் சொன்னார். வாரம் மூன்று நாள், 12 வாரம், 9,000 ரூபாய்.

“நான்தான் தினமும் நடக்கிறேனே” என்ற வீறாப்போடு போனேன். பிசியோதெரபிஸ்ட் பெண் 30 மீட்டர் வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளந்தார்: 380 மீட்டர். பூங்காவில் அரசியல் பேசிக்கொண்டே நடந்ததற்கு அவ்வளவுதான் மதிப்பு. ரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடும் மெட்டோப்ரோலால் மாத்திரை நாடித் துடிப்பையும் மெதுவாக்குவதால், 220-இல் வயதைக் கழித்து உச்ச நாடித் துடிப்பைக் கணிக்கும் கணக்கு எனக்குப் பொருந்தாதாம். அதனால் டிரெட்மில்லில் நடக்கும்போதே, “ஐயா, இரண்டு வரி பாடுங்கள்” என்பார். பாட முடிந்தால் வேகத்தைக் கூட்டுவார். பேசவே திணறினால் குறைப்பார். பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. பக்கத்து டிரெட்மில்காரர் என் குரலுக்குப் பயந்தே, “இவருக்குக் கூட்டிவிடுங்கள் அம்மா” என்பார்.

மூன்றாம் வாரம் ஒருநாள் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் விடுப்பு. பதிலுக்கு வந்த இளைஞர் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்காமலேயே ஏற்றிவிட்டார். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுவிட்டு இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டிருந்தேன். பத்தாவது நிமிடம் சட்டை தொப்பலாக நனைந்தது. “நன்றாக வியர்க்கிறதே!” என்று மகிழ்ந்தார் அவர். நானே இறங்கிப் பார்க்கச் சொன்னேன்: சர்க்கரை 62, தாழ்ந்துவிட்டது. மெட்டோப்ரோலால் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும்; வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். பயிற்சிக் கூடத்தில் வேலை செய்பவருக்கு இது தெரியாதது மன்னிக்கக்கூடியதல்ல. நான் கடலை மிட்டாயைக் கடித்துச் சமாளித்தேன். அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணிடம் அதற்கும் திட்டு: கடலையின் எண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துமாம், சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடிதான் இருக்கவேண்டுமாம்.

12 வார முடிவில் அதே ஆறு நிமிடத்தில் 455 மீட்டர் நடந்தேன். எக்கோவில் அதே கிரேடு 1, கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னதிக்கு ஒரே ஒரு முறை உட்கார்ந்து ஏறிவிட்டேன். முன்பு நான்கைந்து இடத்தில் உட்காருவேன்.

சேருகிறவர்கள் காலை 7 மணி வகுப்பைக் கேளுங்கள். 9 மணிக்கு இரண்டு டிரெட்மில்லுக்கு எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண் விடுப்பில் இருந்தால் யார் வருவார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.