மாம்பழ சீசனில் தளத்துக்கு கோடு (code) ஏற்றுவது: எஃப்டிபியா, புல்லா, ஹூக்கா, ஆக்‌ஷன்ஸா?

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறவர்களின் தளங்களைப் பார்த்துக்கொள்கிறோம். பெங்களூரா மாம்பழ வரத்து ஏறியதும் "தம்பி, இன்னைக்கே பக்கத்தை மாத்திக் குடுத்துடுங்க" என்று போன் வந்துவிடும்.

முன்பெல்லாம் எஃப்டிபிதான்: மாற்றிய ஃபைல்களை சர்வருக்கு, அதாவது தளம் ஓடும் கணினிக்கு, நேராக அனுப்பும் பழைய வழி. ஒரு மதியம் ஃபைல்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எல்லாப் பக்கத்துக்கும் மேல்பகுதியைத் தரும் ஹெட்டர் ஃபைல் பாதியில் நின்று, தளம் முழுக்க வெள்ளைப் பக்கம். எது புதுசு, எது பழசு என்று தேதி பார்த்துத் தேடியே ஒன்றரை மணி நேரம் போனது. சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்டும் மறைக்கப்படாமலே போகிறது. அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கிட். கோடில் செய்யும் மாற்றங்களை 'கமிட்' என்ற பதிவுகளாகச் சேர்த்துவைக்கும் மென்பொருள் அது. சர்வருக்குள் நுழைந்து 'கிட் புல்' அடித்தால் புதிய கோடு அங்கே இறங்கும். ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம். ஆனால் யாராவது அவசரத்துக்கு சர்வரிலேயே ஒரு வரியைத் திருத்தியிருந்து, அதே ஃபைல் புல்லிலும் மாறியிருந்தால் கிட் முரண்டு பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மொத்த கமிட் வரலாறும் இருக்கும் '.கிட்' ஃபோல்டர் தளத்தின் ஃபோல்டரிலேயே உட்கார்ந்திருப்பது. அதை வெப்சர்வரில் தடுக்காவிட்டால் வெளியாள் கோடு முழுவதையும் பழைய கமிட்டுகளோடு இறக்கிவிடலாம். என்றோ கமிட் செய்து பிறகு அழித்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். இதை நாங்கள் கவனிக்காமலே பல மாதம் ஓட்டியிருக்கிறோம். நினைத்தால் இன்றும் பதறுகிறது.

ஹூக் முறையில் அந்தப் பயம் இல்லை. தளத்துக்கு வெளியே, சர்வரில் ஒரு பேர் (bare) ரெப்போ, அதாவது கிட் வரலாறு மட்டும் இருக்கும் கிடங்கு. அதற்குள் 'போஸ்ட்-ரிசீவ்' என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட்; அதுதான் ஹூக். நம் லேப்டாப்பிலிருந்து புஷ் செய்ததும், அதாவது புதிய கமிட்டுகளை அனுப்பியதும், அது ஓடி, கோடு ஃபைல்களை மட்டும் தளத்தின் ஃபோல்டரில் எடுத்துவைக்கும் (செக்கவுட்). புஷ் பாதியில் அறுந்தால் ஹூக் ஓடாது. பழைய தளம் அப்படியே நிற்கும். கரண்ட்டை நம்ப முடியாத ஊரில் இது எவ்வளவு பெரிய நிம்மதி! ரெப்போவில் சேர்க்காத படங்கள், பாஸ்வேர்டுகள் வைக்கும் '.என்வ்' ஃபைல் எதையும் சாதாரண செக்கவுட் தொடாது. ஒரு குறை உண்டு: சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் தராத, பலர் பங்கிடும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இதை வைக்க முடியாது.

2019 நவம்பரில் எல்லோருக்கும் திறந்த கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இன்னும் வசதி. கிட் ரெப்போக்களை வைக்கும் கிட்ஹப் தளம், புஷ் செய்ததும் நமக்காக வேலைகளைத் தானே ஓட்டித் தரும் சேவை இது. டெஸ்ட் ஓட்டும், பக்கத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ்ஸை பில்டு செய்யும், மாறியதை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் வழியாக சர்வருக்கு அனுப்பும். இலவசக் கணக்கில் பிரைவேட் ரெப்போக்களுக்கு மாதம் 2,000 நிமிடம் கிடைக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து எழுதும் ஓசூர் டீம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த வேலைகளை எழுதிவைக்கும் யாமல் ஃபைலில் ஒரு இடைவெளி தவறினாலும் ஓடாது, சர்வர் சாவியையும் வெளியே ஒப்படைக்க வேண்டும். இரண்டு பேர் நடத்தும் எங்கள் கடைக்கு ஹூக் போதும்.

எந்த வழியாக இருந்தாலும் கோடைப் (code) பழைய நிலைக்குத் திருப்பினால் டேட்டாபேஸும் சேர்ந்து திரும்பாது. மைக்ரேஷனுக்கு, அதாவது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றுவதற்கு, முன்னால் பேக்கப் எடுத்தே ஆகவேண்டும்.

போன சீசனில் ஒரு சாயங்காலம் விசாரணைப் படிவம் உடைந்துபோனது. வாடிக்கையாளர் போனில் விவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செய்த மாற்றத்தைத் திருப்பிப்போடும் 'கிட் ரிவர்ட்' போட்டு புஷ் செய்தேன். "ஒரு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்கண்ணா" என்றேன். "வந்துருச்சு தம்பி" என்றார்.